கிணற்றில் தொங்குபவன் தனியாகவா இருக்கிறான்?

வாழ்க்கைக்கு எல்லோருக்கும் பொதுவான அர்த்தம் ஒன்று உண்டா, அல்லது அவரவர் வகுத்துக்கொள்ளும் நோக்கங்கள் மட்டும்தான் உண்டா என்ற பேச்சு எழும்போதெல்லாம், பேசுபவர்கள் சீக்கிரமே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். மேலிருந்து ஒரு திட்டம் வந்திராவிட்டால் நாம் செய்வதெல்லாம் வீண் என்கிறது ஓர் அணி. அப்படி ஒரு திட்டம் இல்லாததே பெரிய விடுதலை, எதை வேண்டுமானாலும் நோக்கமாக வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டாலே அதற்கு அர்த்தம் வந்துவிடும் என்கிறது மற்ற அணி. இரு தரப்பு வாதங்களையும் பல ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் வந்ததில் எனக்குத் தோன்றுவது, இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது. அர்த்தம் என்பது ஓர் இலக்கு என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இலக்கை வைத்தவர் யார் என்பதில் மட்டும் சண்டையிடுகிறார்கள். வைத்தவர் யாராக இருந்தாலும், வைக்கப்பட்ட இலக்கு ஒரு வாழ்நாளைக் கொடுக்கத் தகுந்ததா என்பதை எதைக்கொண்டு அளக்கிறோம் என்ற கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது.

மேலிருந்து வந்த திட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். படைத்தவன் ஒருவன் இருக்கிறான், மனிதரை ஒரு காரியத்துக்காகவே படைத்தான் என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். அந்தக் காரியம் இன்னதென்று தெரிந்த மறுகணமே நாம் கேட்கப்போவது, அது நல்ல காரியம்தானா என்பதைத்தான். அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1971-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதற்குக் கொடூரமான ஓர் உதாரணம் தருகிறார்: மனித மாமிசத்தை விரும்பி உண்ணும் வேறோர் உயிரினத்துக்கு இரையாவதற்காகவே நாம் வளர்க்கப்பட்டு வருகிறோம் என்று தெரியவந்தால், நம் வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது என்று யாராவது நிம்மதி அடைவார்களா? அது நம்மைவிடப் பெரிய திட்டம்தான். அதில் நம் ஒவ்வொருவருக்கும் தெளிவான பங்கும் இருக்கிறது. ஆனாலும் அது நமக்கு அர்த்தம் ஆவதில்லை. இறைநம்பிக்கை உடையவர்கள் இதைக் கேட்டதும், இறைவன் அத்தகையவன் அல்லன், அவனுடைய நோக்கம் நல்லதாகவே இருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நல்லதாக இருக்கும் என்று அவர்கள் சொல்லும்போதே, திட்டத்துக்கு வெளியே நின்று திட்டத்தை அளக்கும் ஓர் அளவுகோல் அவர்கள் கையில் இருக்கிறது. கடவுளை நம்பாதவரும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

இயற்கையிடம் கேட்டாலும் இதே கதைதான். டார்வினின் நூல் 1859-ல் வெளிவந்த பிறகு, நோக்கம் வைத்த ஒருவர் இல்லாமலேயே உறுப்புகளுக்கு வேலை அமைவதை நம்மால் விளக்க முடிகிறது. இதயத்தின் வேலை இரத்தத்தை இறைப்பது என்றால், இறைத்துக்கொண்டிருந்ததால் அது தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது என்றுதான் அதற்குப் பொருள். மரபணுக்களைப் பரப்புவதே வாழ்வின் நோக்கம் என்று அறிவியலின் பெயரால் சொல்பவர்கள் ஒரு விளக்கத்தைக் கட்டளையாக வாசிக்கிறார்கள். நாம் எப்படி வந்தோம் என்பதிலிருந்து எதற்காக இருக்க வேண்டும் என்பது தானாகக் கிளைத்து வராது.

திட்டம் இல்லை என்றதும் பலரை உண்மையில் கலங்க வைப்பது காலத்தின் நீளம். சூரியன் தோன்றி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அதன் உட்கருவில் உள்ள ஹைட்ரஜன் தீர்ந்து அது வீங்கத் தொடங்கும். பூமி உயிர் வாழத் தகுதியற்றுப் போவது அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். நூலகங்களும் பேரப்பிள்ளைகளும் அணைக்கட்டுகளும் எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும் என்றால் இன்று காலையில் எழுந்து எதையாவது செய்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இதற்கு நேகல் அதே கட்டுரையில் தரும் பதில் குறும்பானது, ஆனால் உறுதியானது. பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு இன்றைய செயல் எதுவும் பொருட்டாக இராது என்றால், பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு நிலவப்போகும் அந்த நிலைமையும் இன்று நமக்குப் பொருட்டாக வேண்டியதில்லை. நான் ஒன்றை மட்டும் சேர்ப்பேன். வீணான ஒரு செயல் முடிவின்றி நீடித்தால் அது முடிவற்ற வீணாகுமே ஒழிய அர்த்தமுள்ளதாகிவிடாது. ஆகவே நமக்குக் குறைவது ஆயுளின் நீளம் அன்று.

ஆனால் வாதம் தீர்ந்தாலும் அச்சம் தீர்வதில்லை. அந்த அச்சத்தை ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாய் அளவுக்கு ஒளிவுமறைவின்றி எழுதியவர்கள் குறைவு. 'போரும் அமைதியும்', 'அன்னா கரேனினா' ஆகிய இரண்டையும் எழுதி முடித்து, புகழும் நிலமும் பெரிய குடும்பமும் நிறைந்திருந்த நிலையில், ஐம்பது வயதை ஒட்டி, 'எதற்காக? சரி, அதற்குப் பிறகு?' என்ற கேள்விகள் அவரை அப்படியே நிறுத்திவிட்டன. தன் நிலையை விளக்க அவர் கீழைநாட்டுக் கதை ஒன்றைக் கையாள்கிறார். கொடிய விலங்கு துரத்த ஓடிவரும் வழிப்போக்கன் ஒரு பாழுங்கிணற்றில் இறங்குகிறான். அடியில் பெரும்பாம்பு போன்ற ஒன்று வாயைப் பிளந்து காத்திருக்கிறது. சுவரின் பிளவில் முளைத்த செடியின் கிளையைப் பற்றிக்கொண்டு நடுவில் தொங்குகிறான். கறுப்பும் வெளுப்புமான இரண்டு எலிகள் அந்தக் கிளையைக் கொறித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையிலும் இலையில் தேன்துளிகளைக் கண்டு நாக்கை நீட்டி நக்குகிறான். தமிழ் வாசகருக்கு இது புதிய கதை அன்று. மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில், பிள்ளைகளை இழந்து நிற்கும் திருதராஷ்டிரனுக்கு விதுரன் சொல்வது இதன் ஒரு வடிவம்தான். நம் சமணக் காப்பியமான சூளாமணியும், யானை துரத்தப் பாம்பு உறையும் குழியில் தொங்கியபடி தேன்துளியை நக்குவதற்கே மானுட இன்பத்தை ஒப்பிடுகிறது. குடும்பத்தின் மீதான அன்பும் எழுத்துமே தனக்கு வாய்த்த இரண்டு துளிகள் என்றும், இப்போது அவை இனிக்கவில்லை என்றும் டால்ஸ்டாய் எழுதுகிறார்.

(இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எதுவுமே இனிக்காத நிலை சிலருக்குச் சிந்தனையால் வருவதில்லை, நோயாக வருகிறது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவரும் துணையும். தத்துவக் கட்டுரை அல்ல. அவர்களிடம் போய் வாழ்வின் அர்த்தத்தைப் பற்றி வாதாடுவது இரக்கமற்ற செயல்.)

நான் அறிந்த வடிவங்களிலெல்லாம் கிணற்றுக்குள் ஒரே ஓர் ஆள்தான் தொங்குகிறான். துரத்திய விலங்கு, பாம்பு, எலி, தேன் எல்லாம் அவனைச் சுற்றி அமைந்தவை. அவனைப் போன்ற இன்னொருவன் மட்டும் இல்லை. கதையின் முழு வலிமையும் இந்த விடுபடலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்ச்சுவரில் இன்னொரு கிளையைப் பற்றியபடி இன்னொருவர் தொங்குவதாக வைத்துப் பாருங்கள். விலங்கும் பாம்பும் எலியும் அப்படியே இருக்கின்றன, இருவருமே விழத்தான் போகிறார்கள். ஆனால் தேனைப் பார்த்ததும் எழும் கேள்வி வேறாகிவிடுகிறது. அது என் நாக்குக்கு இனிக்கிறதா என்பதோடு, கை எட்டாத அவருக்கு ஒரு துளி போய்ச் சேருமா என்ற ஒன்றும் எழுகிறது. முதல் கேள்விக்கு மரணம் பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாவதற்கு அது பதில் சொல்வதில்லை. பசித்தவருக்குக் கிடைத்த துளி, பிறகு நடக்கும் எதனாலும் கிடைக்காத துளி ஆகிவிடாது.

டால்ஸ்டாய் இதைக் கவனிக்காதவர் அல்லர். மனைவியும் மக்களும் தன்னைப் போலவே அதே நிலையில் இருப்பவர்கள் என்று அவரே எழுதுகிறார். அந்த எண்ணம் அவருடைய துயரத்தை இரட்டிப்பாக்கியது. அவர்களை என் தேன்துளி என்று எண்ணும்வரை அந்த முடிவு தவிர்க்க முடியாததுதான் என்பேன். என் வாயில் இனிப்பதற்காக அவர்கள் இருப்பதாக வைத்தால், என் நாக்கு மரத்துப்போன அன்று அவர்களுடைய மதிப்பும் போய்விடுகிறது. அவர்கள் தேன் அல்லர், தொங்குபவர்கள் என்பதே அவர் கண்டது. கண்டும் கணக்கைப் பழைய முறையிலேயே போட்டார்.

இனி இரண்டாம் அணிக்கு வருகிறேன். 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் பால் சார்த்ர் காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டினார். கத்தியைச் செய்பவனின் மனத்தில் அதன் பயன் முன்பே இருக்கிறது. மனிதனுக்கோ அப்படி முன்பே எழுதப்பட்ட பயன் எதுவும் இல்லை, அவன் முதலில் இருக்கிறான், பிறகே தன்னை ஆக்கிக்கொள்கிறான். அதே உரையில் தன் மாணவன் ஒருவனின் இக்கட்டையும் அவர் சொல்கிறார். அண்ணன் போரில் இறந்துவிட்டான். தாய் இவன் ஒருவனை நம்பியே வாழ்கிறாள். தாயுடன் இருப்பதா, நாட்டை விட்டு வெளியேறி, ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா என்று கேட்டு வந்தவனிடம், நீ சுதந்திரமானவன், ஆகவே தேர்ந்தெடு என்று மட்டும் சார்த்ர் சொன்னார். எந்த அறநூலும் அவனுக்கு முடிவெடுத்துத் தராது என்பதில் சார்த்ர் சொல்வது சரியே. ஆனால் அந்த மாணவன் ஏன் தவித்தான்? தாயின் தனிமையும் நாட்டின் அடிமை நிலையும் அவன் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அவன்மீது பாரமாக ஏறியிருந்தன. தேர்வுதான் மதிப்பைப் படைக்கிறது என்றால், ஒன்றைத் தேர்ந்தெடுத்த கணமே மற்றதன் பாரம் இறங்கியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் போயிருந்தாலும் விட்டுவந்தது அவனை உறுத்தியிருக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

அமெரிக்கத் தத்துவவாதியான ரிச்சர்ட் டெய்லர் 1970-ல் இதை இன்னும் கூர்மையாக்கினார். கிரேக்கப் புராணத்தின் சிசிஃபஸ், மலையுச்சிக்குப் பாறையை உருட்டி ஏற்றுவதும் அது திரும்ப உருண்டு விழுவதுமாக முடிவின்றித் தண்டனை அனுபவிப்பவன். தேவர்கள் இரக்கப்பட்டு, பாறை உருட்டும் தீராத ஆசை ஒன்றை அவனுக்குள் ஊட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம் என்கிறார் டெய்லர். இப்போது அவன் விரும்பியதையே எப்போதும் செய்கிறான், மனநிறைவுடன் இருக்கிறான், அர்த்தம் உள்ளிருந்தே வந்துவிட்டது. டெய்லருக்கு இது போதுமானதாக இருந்தது. எனக்கு இது தண்டனையின் உச்சம் என்றே படுகிறது, ஏனென்றால் பழைய சிசிஃபஸுக்குத் தன் நிலை என்னவென்றாவது தெரிந்திருந்தது.

நோக்கம் முழுக்க முழுக்க என் விருப்பம் மட்டுமே என்றால், என் நோக்கத்தைப் பற்றி நான் ஒருபோதும் ஏமாந்திருக்க முடியாது. ஆனால் மனிதர்கள் ஏமாந்து போகிறார்கள். ஒரு பகையை வளர்ப்பதிலேயே இளமையைச் செலவழித்தவர், ஒரு பதவிக்காக நண்பர்கள் அனைவரையும் இழந்தவர், தன்னை ஒரு பொருட்டாகவே மதியாத தலைவனுக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் எல்லாம் பின்னாளில் திரும்பிப் பார்த்து, "இதற்காகவா இவ்வளவும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை வெறும் ருசி மாற்றமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நேற்று பிடித்த பாட்டு இன்று பிடிக்கவில்லை என்றால், நேற்று அதைக் கேட்டது தவறு என்று யாரும் குமைவதில்லை. வருந்துபவர் சொல்வது வேறு: அப்போது மனமார விரும்பினேன், ஆனாலும் அது அந்த விலைக்குத் தகாதது. அந்த வருத்தம் அறிவார்ந்ததாக இருக்க வேண்டுமானால், விருப்பத்தைக் கடந்த ஓர் அளவு இருந்தாக வேண்டும்.

அந்த அளவு எல்லோரையும் ஒரே திசையில் செலுத்துமா என்றால், இல்லை. நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்ட ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கல், வாழ்வின் பொது அர்த்தம் எது என்று கேட்பது, சதுரங்க வீரர் ஒருவரிடம் உலகிலேயே சிறந்த காய்நகர்த்தல் எது என்று கேட்பதைப் போன்றது என்றார். குறிப்பிட்ட ஆட்டத்தின் குறிப்பிட்ட நிலையை விட்டுவிட்டால் சிறந்த நகர்த்தல் என்று எதுவும் இல்லை. இந்த உவமையைத் தனிநோக்கக் கட்சியினர் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். அதன் மறுபாதியைக் கவனிப்பதில்லை. எந்த நிலைக்கும் பொருந்தும் சிறந்த நகர்த்தல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு நிலையிலும் மோசமான நகர்த்தல்கள் இருக்கின்றன. நான் விரும்பி நகர்த்தினேன் என்பதால் மோசமான நகர்த்தல் நல்லதாகிவிடுவதில்லை. தவிரவும், எந்த நிலையிலிருந்து ஆட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாம் தீர்மானிப்பதில்லை.

என் பெரியம்மாவை நினைக்கும்போது இது எனக்குத் தெளிவாகிறது. பாட்டி படுக்கையில் விழுந்து, மெல்ல மெல்ல நினைவும் தப்பி, பெற்ற மகளையே யாரோ என்று கேட்கும் நிலைக்கு வந்தபோது, குளிப்பாட்டுவதும் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் இரவில் எழுந்து துணி மாற்றுவதும் ஆண்டுக்கணக்கில் பெரியம்மாவின் வேலையாக இருந்தன. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி விலகிக்கொண்டதால் அவர் தலையில் விழுந்தது. இதைச் சொல்லும்போது தியாகம் என்று புகழ்ந்து நகர்ந்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு; அதை நான் செய்ய விரும்பவில்லை. பாரம் பகிரப்படாதது அநியாயம், செயலின் உயர்வு அந்த அநியாயத்தை நியாயமாக்காது. ஆனால் அந்த ஆண்டுகள் அர்த்தமற்றவையா என்று கேட்டால், அவருடைய விருப்பத்தை அளந்து நான் பதில் சொல்லப் போவதில்லை. சில நாட்களில் அவர் வெறுப்புடன் செய்தார், ஒரு முறை என்னிடம், "எனக்கு இதெல்லாம் போதும்டா, ஆனா அம்மாவை அப்படியே போட்டுட முடியுமா?" என்றார். படைத்தவனின் திட்டமும் அந்தப் பேச்சில் இல்லை, தானே வகுத்த இலக்கும் இல்லை. எதிரே படுத்திருப்பவர் ஒரு பொருட்டு என்பது மட்டும்தான் இருந்தது.

சங்கப் பாடல் ஒன்று இந்த இடத்தில் எனக்குத் துணை நிற்கிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூற்றின் 182-ஆம் பாட்டு, இந்த உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்பதை விளக்க முற்படுகிறது. உலகம் எதை நோக்கிச் செல்கிறது என்று அது பேசுவதில்லை. யார் இருப்பதால் நிற்கிறது என்று பேசுகிறது. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் "இனிது எனத் தமியர் உண்டலும் இலரே" என்று அத்தகையோரை வருணிக்கத் தொடங்கி, தமக்கென முயலாமல் பிறர்க்கென முயல்வோர் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று முடிகிறது. அமிழ்தம் என்பது சாவைத் தள்ளிவைக்கும் உணவு. அதையும் தனியாக உண்ணாதவர்களைப் பற்றிப் பேசும் இந்தப் பாட்டு, கிணற்றில் ஒருவனை மட்டும் தொங்கவிட்ட கதைக்கு நேர் எதிராக நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

இந்த அளவை யார் தீர்மானிப்பது என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. பிறருடைய வாழ்க்கையை அர்த்தமற்றது என்று தீர்ப்பளித்தவர்கள் வரலாற்றில் செய்த கேடு கொஞ்சமன்று. ஆனால் அளவு ஒன்று உண்டு என்பதும், அதைப் பிறர்மீது வீச எனக்கு உரிமை உண்டு என்பதும் வெவ்வேறு செய்திகள். யாரும் வாசிக்காத ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதிக்கொண்டிருப்பவரையோ, பூச்சிகளின் சிறகுகளை வரைந்து சேர்ப்பவரையோ வெளியிலிருந்து பார்த்து, இவர் நோக்கம் யாரையும் தொடவில்லை என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் பார்ப்பவரின் குறுகிய பார்வைதான். பிறருக்குச் சோறிடுவது மட்டும்தான் பிறர்க்கென முயல்வது என்று நான் நினைக்கவில்லை. தன் ருசியைவிடத் தன்முன் இருப்பதன் உண்மைக்கு ஒருவர் பணிந்து வேலை செய்யும்போது, கணக்குத் தீர்வானாலும் பாட்டானாலும் மரவேலையானாலும், அவர் அந்தக் கிணற்றில் தனியாக இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நோக்கங்களை அளந்துதான் அர்த்தத்தைக் காண்கிறோம் என்றால், நோக்கமே வைத்துக்கொள்ள முடியாதவர்கள் என்ன ஆவார்கள்? பிறந்து சில நாட்களே வாழ்ந்த குழந்தைக்கும், கடைசி ஆண்டுகளின் என் பாட்டிக்கும் எந்த நோக்கமும் இல்லை. அவர்களுடைய வாழ்க்கை வீணானது என்று என் வாதம் சொல்லிவிடுமோ என்ற தயக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. இப்போது வரிசையைத் திருப்பி வைத்துப் பார்க்கிறேன். பெரியம்மாவின் செயலுக்குக் கிடைத்த அர்த்தம், எந்த நோக்கமும் இல்லாத பாட்டி ஒரு பொருட்டாக இருந்ததிலிருந்து வந்தது. பாட்டியும் ஏதோ ஒரு நோக்கத்துக்குப் பயன்பட்டால்தான் மதிப்பு உண்டு, அந்த நோக்கமும் இன்னொன்றுக்குப் பயன்பட்டால்தான் மதிப்பு உண்டு என்று போய்க்கொண்டே இருந்தால், சங்கிலி முழுவதும் காற்றில் தொங்கும். எங்கோ ஓரிடத்தில், எதற்காகவும் இல்லாமல் தன்னளவிலேயே மதிப்புடைய ஒருவர் இருந்தாக வேண்டும். அப்போதுதான் அவருக்காகச் செய்யப்படும் காரியத்துக்கு அர்த்தம் பிறக்கும். எல்லா மனிதருக்கும் பொதுவானது என்று நான் துணிந்து சொல்லக்கூடியது இந்த ஒன்றைத்தான்; இது யாரும் போய்ச் சேர வேண்டிய இலக்கு அன்று. நோக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடுவதற்கு வேண்டிய இடமும் இதற்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் என்முன் இருப்பவர்கள் வேறு, உங்கள்முன் இருப்பவர்கள் வேறு.

ஆனால் இப்படி வாதிட்ட பிறகு, வலியையும் அச்சத்தையும் உணரக்கூடிய பிற உயிர்களை இந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்துவதற்குத் தக்க காரணம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. பாட்டியின் மதிப்பு அவருடைய நினைவாற்றலைச் சார்ந்திருக்கவில்லை, பேச்சைச் சார்ந்திருக்கவில்லை, எதிர்காலத் திட்டங்களைச் சார்ந்திருக்கவில்லை. அவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவது பல விலங்குகளிடமும் இருக்கிறது. மனிதவாழ்வின் அர்த்தத்தைப் பற்றித் தொடங்கிய கேள்வி மனிதரோடு நிற்க மறுக்கிறது. நான் எதை உண்கிறேன், எதை உடுக்கிறேன், எவற்றின் உழைப்பில் வாழ்கிறேன் என்பவற்றையும் அது இழுத்து வருகிறது. அவற்றுக்கு என்னிடம் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.